கசடு விழுங்கிய மணிச்சத்து

போன மாதம் கணியம்பாடி உரக்கடை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். எனக்கு நிலம் நீச்சு எதுவும் இல்லை. பங்காளி மகனுக்குத் துணையாகப் போனேன். அமிர்தியில் அவனுக்கு ஒரு காணி நெல்லும் மேட்டில் கொஞ்சம் வேர்க்கடலையும் உண்டு. டிஏபி மூட்டை வந்திருக்கிறது என்று யாரோ சொல்லி, சுற்றுவட்டாரமே அங்கே திரண்டு நின்றது. வெயிலில் நின்றபடி அவன் கேட்டான்:

"இந்த உரத்துக்கு இன்னா கிராக்கி பாருங்க பெரிப்பா. நீங்க வேலை செஞ்ச எடத்துல இதையேதான மூட்டை மூட்டையா தண்ணில கொட்னீங்க?"

சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாள் என்னோடு வந்து அதைப் பார்த்திருக்கிறான். ஆமாண்டா என்றேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "பாவம்யா அது" என்றார். அவருக்கு வரிசையில் நின்றபடி விளக்கம் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். சொல்லப் போனால், அந்த விளக்கத்தில் என்னுடைய பழைய தவறு ஒன்றும் சேர்ந்திருக்கிறது.

நம் பகுதித் தோல் கழிவுநீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் கிணறுகள் உப்பாய்ப் போனதை நாம் எல்லோருமே பார்த்தோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் அழுத்தமாக ஏறியது அந்தத் தீர்ப்பில்தான். தோல் ஷாப்புகள் தனித்தனியாகவோ பொதுவாகவோ சுத்திகரிப்பு நிலையம் வைத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தது. அப்படி வந்த பொது நிலையங்களில் ஒன்றில்தான் ஆய்வுக்கூட வேலை பார்த்து 2014-ல் ஓய்வு பெற்றேன்.

அங்கே அழுக்கைத் தின்னும் வேலையைச் செய்வது நுண்ணுயிர்கள். பெரிய தொட்டியில் காற்றை அடித்துக்கொண்டே இருப்போம். பழுப்பு நிறக் கூழ் போல நுண்ணுயிர்க் கூட்டம் அதில் சுழன்றுகொண்டிருக்கும். அதை ஸ்லட்ஜ் என்போம்; தமிழில் கசடு. அந்தக் கூட்டமும் உயிர்தானே, அதற்கும் சாப்பாட்டில் எல்லாச் சத்தும் வேண்டும். கரிமச் சத்து நூறு பங்கு என்றால் தழைச்சத்து ஐந்து பங்கு, மணிச்சத்து ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. தோல் கழிவில் முதலிரண்டும் தாராளம். மயிரும் சதையும் சுண்ணாம்பில் கரைந்து வருவதால் தழைச்சத்து வழிந்து ஓடும். மணிச்சத்து மட்டும் கிட்டத்தட்ட இல்லை. அது இல்லாவிட்டால் கசடு படியாது. பஞ்சு போல ஊதி மிதந்து, தெளிந்த நீரோடு வெளியே போய்விடும். அதனால் மணிச்சத்தை நாங்கள் விலை கொடுத்து வாங்கித் தொட்டியில் போட்டோம். சில காலம் டிஏபி, சில காலம் சூப்பர் பாஸ்பேட், கடைசியில் கேனில் வரும் பாஸ்பாரிக் அமிலம்.

இதில் ஒரு கூத்து உண்டு. எங்கள் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஊர்ச் சாக்கடை ஓடி ஏரியில் விழுந்துகொண்டிருந்தது. மனிதன் ஒருவன் நாளொன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம் வரை பாஸ்பரஸை வெளியேற்றுகிறான். உலகத்தில் பாஸ்பரஸ் என்ற தனிமமே முதலில் கிடைத்தது மூத்திரத்திலிருந்துதான். 1669-ல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் செய்யப் போய் அதைக் கண்டெடுத்தார். ஆக, ஊருக்கு வேண்டாத மணிச்சத்து ஏரிக்குப் போய் ஆகாயத்தாமரையை வளர்த்தது. எங்களுக்கு வேண்டிய மணிச்சத்து லாரியில் வந்தது. சாக்கடை நீரில் கொஞ்சத்தை நம் தொட்டிக்குத் திருப்பினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். குழாய் யார் போடுவது என்பதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். 1978. எனக்கு இருபத்திரண்டு வயது. தோல் நிலையத்துக்கெல்லாம் வெகு முன்பு, ஒரு நகரத்துச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். வாரம் ஒருமுறை பாஸ்பேட் அளப்பது என் வேலை. அமோனியம் மாலிப்டேட் விட்டு, அப்புறம் ஸ்டானஸ் குளோரைடு இரண்டு சொட்டு. பாஸ்பேட் இருந்தால் நீலம் வரும். அதிகம் என்றால் அடர் நீலம், குறைவு என்றால் வானத்து நீலம். வரிசையாக நிற்கும் நெஸ்லர் குழாய்களோடு வைத்து, வெள்ளைக் காகிதத்தின்மேல் குனிந்து பார்த்து, எதற்கு ஒத்துப்போகிறது என்று எழுத வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது.

ஒரு சனிக்கிழமை காற்றுத் தொட்டியிலிருந்து கசடோடு ஒரு பாட்டில் நீர் எடுத்து மூடி வைத்தேன். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் சோதனை செய்யாமல் கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை வந்து, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்து மருந்து விட்டேன். குழாய் பூராவும் மைக்கூடு மாதிரி ஆகிவிட்டது. நீர்த்து நீர்த்துப் பார்த்தாலும் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு. மேலதிகாரி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "சோப்புத்தூள் போட்டுக் கழுவினியா?" என்றார். அந்தக் காலத்துச் சலவைத்தூள்களில் பாஸ்பேட் கலந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் பாஸ்பேட் பாட்டிலை அமிலம் விட்டுத்தான் கழுவ வேண்டும் என்பது முதல் நாளே சொல்லித்தரும் பாடம். நான் அமிலத்தில்தான் கழுவியிருந்தேன். ஆனாலும் அவர் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. புதிதாக நீர் எடுத்து உடனே சோதித்தேன். வழக்கமான வெளிறிய நீலம். பதிவேட்டில் அந்தப் பெரிய எண்ணின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'பிழை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அதை நினைக்கவே இல்லை. ஓய்வுபெற்ற மறு வருஷம், தம்பி பேத்தி சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கிறவள், கோடை விடுமுறைக்கு அமிர்திக்கு வந்திருந்தாள். செங்கல் கனத்துக்கு ஒரு பாடப்புத்தகம் கையில். "தாத்தா, கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை நுண்ணுயிர் வைத்தே எடுக்கலாமாமே, நீங்க செஞ்சிருக்கீங்களா?" என்றாள். நான் போட்டுத்தான் பழக்கம், எடுத்துப் பழக்கமில்லை என்றேன். சிரித்துக்கொண்டே அத்தியாயத்தின் தொடக்கத்தைக் காட்டினாள். இந்த நிகழ்வை முதன்முதலில் விவரித்தவர்கள் ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை, இந்தியா, 1959 என்று இருந்தது.

இந்தியாவில் எங்கே? பெங்களூரில். நம் பக்கத்துப் பெரியவர்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்வார்களே, அந்த இந்திய அறிவியல் கழகத்தில். வேலூரில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

அது ஏதோ குருட்டு அதிர்ஷ்டமும் இல்லை. கழிவுநீர்க் கசடு பற்றிய ஆராய்ச்சிக்கு அந்த இடம் பழைய வீடு. காற்றடித்துக் கசடை வளர்த்துச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் முறையை இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914-ல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர் கில்பர்ட் ஃபௌலர். அந்த ஃபௌலர் 1916-லேயே பெங்களூருக்குப் பேராசிரியராக வந்துவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்களில் வி. சுப்பிரமணியன் ஒருவர், பிற்பாடு மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநர் ஆனவர். அவரும் எஸ். சி. பிள்ளையும் சேர்ந்து, கசடில் வாழும் ஒரு செல் உயிரிகளின் பங்கைப் பற்றி 1942-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதாவது, பாக்டீரியா மட்டும்தான் வேலை செய்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, மைக்ராஸ்கோப்பில் இன்னும் பெரிய பிராணிகளைப் பார்த்து அவற்றுக்கும் கணக்கு எழுதியவர் இந்தப் பிள்ளை. பார்த்ததை விடாமல் துரத்துகிற மனுஷர் என்று தெரிகிறது. 1959 கட்டுரையின் கடைசிப் பெயர் அவருடையதுதான். சுவிட்சர்லாந்தின் எக்ஸ்பீரியன்ஷியா என்ற இதழில் வந்த சின்னக் குறிப்பு அது.

அவர்கள் பார்த்தது இது. ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக் கசடைச் சாக்கடை நீரோடு கலந்து நன்றாகக் காற்றடித்தால், நீரில் கரைந்திருந்த பாஸ்பேட் விறுவிறுவென்று மறைந்தது. நுண்ணுயிர் வளர்வதற்குத் தேவையான அளவைத் தாண்டி அது உள்ளே போனது. வெறும் ரசாயனப் படிவாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டார்கள்: கசடுக்கு விஷம் கொடுத்தால் நடக்கவில்லை, காற்றில்லாவிட்டாலும் நடக்கவில்லை. ஆகவே இது உயிரின் வேலை.

படித்துவிட்டு எனக்கு முதலில் பெருமை வந்தது, அப்புறம் சங்கடம். நான் 1978-ல் சிவப்புக் கோடு இழுத்தபோது அந்தக் கட்டுரைக்குப் பத்தொன்பது வயது. பக்கத்து மாநிலத்தில் எழுதியது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியாது.

மூடிய பாட்டிலில் ஏன் பாஸ்பேட் ஏறியது, காற்றடித்த தொட்டியில் ஏன் இறங்கியது என்பதை விளக்கப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் படமும் அம்புக்குறியும். எனக்குப் புரிந்தது அடகுக்கடை வழியாக. சில குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆடியில் கையில் காசிருக்காது. நகையைக் கொண்டுபோய் அடகு வைத்து, அந்தக் காசில் விதையும் தீவனமும் வாங்கி வீட்டில் அடுக்கி வைப்பார்கள். தையில் அறுவடை முடிந்ததும் நகையை மீட்பார்கள். பிள்ளைகள் பெருகிய வீடென்றால் மேற்கொண்டு ஒன்றிரண்டு சவரன் சேர்த்தும் வாங்குவார்கள். இந்த நுண்ணுயிரும் அப்படித்தான். பாஸ்பேட்டைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்து உடம்புக்குள் சேர்த்து வைத்திருக்கிறது. அதுதான் அதன் நகை. காற்றில்லாத தொட்டியில் மற்ற நுண்ணுயிர்கள் சாப்பிட முடியாமல் திணறும்போது, இது அந்தச் சங்கிலியை உடைக்கிறது. அதில் கிடைக்கும் சக்தியைக் கொண்டு, நீரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் போன்ற எளிய உணவை எல்லாம் முந்திக்கொண்டு இழுத்து, கொழுப்பு மாதிரி ஒரு பொருளாக உள்ளே அடுக்கிவிடுகிறது. உடைந்த பாஸ்பேட் நீருக்குள் வந்துவிடும். அடுத்து காற்றுள்ள தொட்டிக்குப் போனதும், அடுக்கி வைத்ததை எரித்து, பெருகி, விட்ட பாஸ்பேட்டையும் அதற்கு மேலும் வாரிக்கொள்கிறது. அந்த நேரத்தில் கசடின் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிட்டால் பாஸ்பரஸும் அதோடு வெளியே வந்துவிடும். அவ்வளவுதான் சூத்திரம். சாதாரணக் கசடைக் காயவைத்தால் அதில் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு பாஸ்பரஸ் இருக்கும். இப்படிப் பழக்கிய கசடில் ஐந்திலிருந்து ஏழு பங்கு வரை. படிகாரமோ இரும்பு உப்போ கொட்ட வேண்டாம்.

ஆக, என் சனிக்கிழமைப் பாட்டில் இரண்டு நாள் காற்றில்லாமல் மூடிக் கிடந்தது. உள்ளே இருந்தவை நகையை எடுத்து வெளியே வைத்துவிட்டன. நான் பார்த்தது பிழை இல்லை.

பெங்களூர்க்காரர்கள் இதை ஏன் மேலே கொண்டுபோகவில்லை என்று தம்பி பேத்தி கேட்டாள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1959-ஐ நினைத்துப் பாருங்கள். அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்துகொண்டிருந்த காலம். நம் நாட்டில் சாக்கடை நீரென்றால் நிலத்துக்குப் பாய்ச்சும் நீர். அதில் மணிச்சத்து இருந்தால் நல்லது. அதை எடுத்து எறிய வேண்டும் என்று சொன்னால் அந்த உரக்கடைப் பெரியவர் சொன்னதைத்தான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நம் நாட்டுக் கடைகளில் சர்ஃப் சலவைத்தூள் வந்ததே அந்த 1959-ல்தான். ஏரிகள் பச்சையாகும் கதை இங்கே இன்னும் தொடங்கவில்லை.

அமெரிக்காவில் அது தொடங்கிவிட்டது. ஈரி ஏரி அறுபதுகளில் பாசி மண்டி நாறியது. எது காரணம் என்று பெரிய சண்டை. கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்பவர் 1973-ல் ஒரு சிறிய ஏரியின் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்குக் கரிமமும் தழைச்சத்தும்; மறு பாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சைப் பசேலென்று ஆனது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தபின் சண்டை பெரிதும் அடங்கியது. ஒரு கிராம் பாஸ்பரஸ் போதும், நூறு கிராம் அளவுக்குக் காய்ந்த பாசி விளைய.

அதனால் அங்கே இந்தக் கசடின் குணத்துக்கு மதிப்பு வந்தது. கில்பர்ட் லெவின், ஜோசப் ஷப்பிரோ என்ற இருவர் வாஷிங்டன் நகரத்துக் கசடை வைத்து 1965-ல் விரிவாக எழுதினார்கள். காற்றில்லாதபோது விடுவதையும் காற்று வந்ததும் வாங்குவதையும் அளந்து காட்டினார்கள். இந்த லெவின் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1976-ல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய வைக்கிங் விண்கலத்தில் உயிர் இருக்கிறதா என்று பார்த்த சோதனைகளில் ஒன்று இவருடையது. சாக்கடையில் தொடங்கிச் செவ்வாய்க்குப் போனவர் என்று தம்பி பேத்தியிடம் சொன்னேன். அவள் நம்பாமல் போனில் தேடிப் பார்த்துக்கொண்டாள்.

இதைத் தொழிலாக்கியது தென்னாப்பிரிக்கா. அவர்களுக்கும் நம்மைப் போலத் தண்ணீர் பஞ்சம், அணைகளில் ஆகாயத்தாமரை. பிரிட்டோரியா நகரத்து டாஸ்பூர்ட் நிலையத்தில் ஜேம்ஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் எழுபதுகளின் தொடக்கத்தில் தழைச்சத்தை நீக்கத்தான் சோதனைத் தொட்டி கட்டினார். பாஸ்பரஸும் சேர்ந்து காணாமல் போவதைக் கண்டார். எங்கள் ஆய்வுக்கூடமாக இருந்தால் பாட்டிலைக் கழுவச் சொல்லியிருப்போம். அவர் உட்கார்ந்து யோசித்து, கசடு முதலில் காற்றே இல்லாத இடம் ஒன்றைக் கடந்து வர வேண்டும் என்ற விதியைக் கண்டுபிடித்தார். இன்று உலகம் முழுக்க இந்த வகைத் தொட்டிகள் அந்த விதியில்தான் நடக்கின்றன. 2011-ல் சிங்கப்பூர் அரசின் லீ குவான் யூ தண்ணீர் விருது அவருக்குக் கிடைத்தது, தகும்.

அவர் விருது வாங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை. வருத்தம் வேறு. 2015-லும் 2017-லும் பெங்களூர் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நகரத்துச் சாக்கடை சுத்தம் செய்யாமலே விழுந்து, ஆகாயத்தாமரை மூடி, நுரை சாலைக்கு வந்து பறந்த ஏரி. இந்த உபாயம் முதலில் கண்ணில் பட்ட அதே ஊரில்! நம் பக்கத்து ஏரிகளும் தீப்பிடிக்கவில்லையே தவிர, மற்றபடி அதே கோலம்தான். ஜவ்வாது மலையிலிருந்து அமிர்தி ஆற்றில் இறங்கும் நீரைக் கையில் அள்ளினால் அடியில் ரேகை தெரிகிறது. அதே மழை, ஊர்களைத் தாண்டி ஏரிக்குப் போய்ச் சேரும்போது பச்சைக் கூழ்.

இந்த வருஷம் தம்பி பேத்தி கல்லூரி விடுதிச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடை வைத்து, நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு சோதனை செய்தாள். ஒரே கசடு, இரண்டு பாட்டில். ஒன்று இரண்டு நாள் மூடி வைத்தது. இன்னொன்றை அதேபோல் மூடி வைத்துவிட்டு, மீன்தொட்டி மோட்டாரால் நான்கு மணி நேரம் காற்றடித்தது. மாலிப்டேட் விட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். இடது குழாய் மை நீலம். வலது குழாய் வெளிறல். 1978-ல் காற்றடிக்க ஒரு மோட்டார் எங்கள் மேசை ஓரத்திலேயே இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்காளி மகனுக்கும் காட்டினேன். அவனுக்கு நீலமெல்லாம் அக்கறையில்லை. "அப்ப அந்தக் கசட்ட கொண்டாந்து கொல்லைல போட்டா டிஏபி வாங்க வேணாமா பெரிப்பா?" என்றான். கேட்க வேண்டிய கேள்விதான். நாம் போடும் உரத்துக்கான பாறைப் பாஸ்பேட்டில் பெரும்பகுதி ஜோர்டான், மொராக்கோ மாதிரி நாடுகளிலிருந்துதான் வருகிறது. வீட்டுச் சாக்கடைக் கசடு என்றால், நன்றாக மக்கவைத்து, காயவைத்து, சோதித்துப் போடலாம் என்றேன். தோல் ஷாப்புக் கசடை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே, அதில் குரோமியம் இருக்கிறது என்றேன்.

"வீட்டுச் சாக்கடைக் கசடு எங்க கிடைக்கும்?"

"நம்ம பக்கத்துல இப்போதைக்கு ஏரியிலதான்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கணியம்பாடி பஸ்ஸுக்குக் கிளம்பினான். இரண்டாவது லோடு வந்திருக்கிறதாம்.